பாராட்ட வேண்டாம், இரண்டு மணி நேரம் கொடுங்கள்

என் மனைவிக்கு மறதி நோய், அவளைப் பார்த்துக்கொள்வது நான். அதனால் எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர். "இந்தக் காலத்துல பொண்டாட்டிய இப்படிப் பாத்துக்கிற ஆம்பளை எங்கங்க இருக்கான்" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். மளிகைக் கடையில் சொல்கிறார்கள், பாடலீஸ்வரர் கோயில் வாசலில் சொல்கிறார்கள், என்னோடு மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் போன் பண்ணிச் சொல்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஓர் அம்மா இருக்கிறார். பக்கவாதத்தில் படுத்த கணவரைப் பல வருஷமாகத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, அதற்கு நடுவில் இட்லி மாவு அரைத்து விற்றுக் குடும்பத்தையும் ஓட்டுகிறார். அவரைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொம்பளை செய்தால் வழக்கம், ஆம்பளை செய்தால் அதிசயம் என்று ஊர் வைத்திருக்கிறது. அந்த அதிசயப் பட்டம் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2016ல் ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. தெருவில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் டீச்சர்தான். நான் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக 2012ல் வெளியே வந்தவன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, அப்போது நான் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரித் தோப்பும் வேரோடு சாய்ந்து கிடக்க, நாங்கள் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தோம். கரண்ட் இல்லாத வீட்டில் என் அம்மாவையும், பிரசவத்துக்கு வந்திருந்த மகளையும், கைக்குழந்தையையும் இவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். யாரும் அவளைத் தெய்வம் என்று சொல்லவில்லை.

நோய் எப்போது ஆரம்பித்தது என்று எல்லா டாக்டரும் கேட்பார்கள், தேதி போட்டுச் சொல்ல முடியாது. 2018 மார்கழியில் வாசலில் புள்ளி வைத்துவிட்டு அப்படியே குனிந்தபடி நின்றாள். கோடு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இத்தனைக்கும் தெருவில் மற்ற பெண்கள் வந்து இவளிடம் கோலம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அப்புறம் சாம்பாரில் புளி இருக்காது, இல்லாவிட்டால் உப்பு இரண்டு பங்கு இருக்கும். மோதிரத்தை வேலை செய்ய வருகிற அம்மா எடுத்துவிட்டாள் என்று சண்டை, கடைசியில் அது அரிசித் தவலைக்குள் கிடைத்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்றார்கள். ஒரு பெயர் மறந்துபோவது, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது, இதெல்லாம் எனக்கும்தான் வருகிறது. ஆனால் வருஷக்கணக்காகக் கை தானாகச் செய்த ஒரு வேலையில் அடுத்தது என்ன என்ற வரிசை கலைந்துபோவது வேறு. அதைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

நாங்கள் போனது புதுச்சேரி ஜிப்மருக்கு. கடலூரில் விடியற்காலை பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதினார்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மண்டைக்குள் ரத்தக்கட்டு, மனச்சோர்வு, இவையெல்லாமும் பார்ப்பதற்கு மறதி நோய் மாதிரியே இருக்கும், சரிசெய்யவும் முடியும், அதனால்தான் முதலில் அவற்றைத் தேடுகிறோம் என்று அங்கே ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். "மூளை சுருங்கிடுச்சு, அவ்வளவுதான்" என்று யாராவது ஸ்கேனை மட்டும் பார்த்துச் சொன்னால் இந்தப் பரிசோதனைகள் செய்தாயிற்றா என்று கேளுங்கள். அப்புறம் ஒருவர் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். இது என்ன வருஷம், என்ன மாசம், நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாங்க. இவள் சிரித்தாள். "இதெல்லாம் நான் பிள்ளைங்களுக்கு நடத்துனதுங்க, எங்கிட்டயே கேக்கறீங்களே" என்றாள். அவரும் சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதே சிரிப்பு, அதே பதில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது, பல மாசமாக வீட்டிலும் இந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவள் சமாளித்துக்கொண்டிருக்கிறாள் என்று. எவ்வளவு உழைப்பு அது.

அல்சைமர் என்றார்கள். 1906ல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர்தான் இதை முதலில் விவரித்தார். அவர் பார்த்த அந்தப் பெண்மணிக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போது 51 வயசுதான். 1901ல் அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது அவள் கணவர், ரயில்வேயில் குமாஸ்தா. வேலையையும் பார்த்துக்கொண்டு அவளையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை அவருக்கு. நோய்க்கு டாக்டரின் பெயர் நின்றுவிட்டது, அந்தப் பெண்மணியின் பெயரையும் புத்தகங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு என்னவோ அந்தக் குமாஸ்தா ஞாபகம்தான் அடிக்கடி வருகிறது.

நோயின் போக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் விலகும். மூளையில் புது விஷயங்களைப் பதிய வைக்கும் பகுதியைத்தான் இது முதலில் தாக்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்டது போய்விடும், நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது நிற்கும். நாளாக ஆக, பின்னாலிருந்து வருஷங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். இப்போது அவள் மனசில் அவளுக்கு முப்பது வயசு இருக்கலாம். அவள் கணவன் கறுப்பு முடியும் மீசையுமாக இருப்பவன், டூட்டிக்குப் போயிருக்கிறான். எதிரில் நிற்பதோ நரைத்த தலையோடு ஒரு கிழவன். அப்படி இருக்கும்போது யார் நீ என்று கேட்பதில் என்ன தப்பு இருக்கிறது?

கேட்டாள். ஒரு நாள் சாயங்காலம் கதவோரமாக நின்றுகொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருக்காரு. அவர் வந்தப்புறம் வாங்க" என்றாள். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. தனியாக இருக்கும் ஒரு பெண் அந்நிய ஆணிடம் பேசும் மரியாதையான, பயந்த குரல். அவளுக்கு அந்தப் பயம் நிஜம். நான்தான்டி உன் புருஷன் என்று நான் சத்தியம் பண்ணினால், ஒரு அந்நியன் உன் புருஷன் என்று வீட்டுக்குள் வருகிறான் என்றுதான் அது அவள் காதில் விழும். "சரிங்கம்மா, நான் வெளிய உக்கார்றேன், சார் வந்ததும் பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வராண்டாவில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கொடியில் கிடந்த பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸோடு கேட்டைச் சத்தமாகத் திறந்துகொண்டு வந்தேன். "என்னங்க இன்னிக்கு இவ்ளோ நேரம்" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சட்டை துவைத்துத் தயாராக இருக்கும். எல்லா நாளும் அது பலிப்பதில்லை. சில நாள் நான் அண்ணன், சில நாள் பள்ளிக்கூடத்துக்கு டி.சி. வாங்க வந்த யாரோ ஒரு பிள்ளையின் அப்பா. டி.சி. வாங்க வந்தவனாகவே பேசிவிட்டுப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

இதைச் சொன்னால் சிலர், இப்படிப் பொய் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். அவள் அம்மா 1994ல் இறந்துபோனார். "எங்கம்மா எங்க" என்று அவள் கேட்கும்போது செத்துப்போச்சே என்று உண்மையைச் சொன்னால், அந்தச் சாவை அவள் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள். மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். கொஞ்ச நேரத்தில் அழுத காரணம் மறந்துவிடும், துக்கம் மட்டும் நிற்கும், மறுபடி கேட்பாள். ஒரே சாவை ஒருத்திக்குத் தினமும் சொல்வதற்கு உண்மை என்று பெயர் வைக்க என்னால் முடியாது. "ஊர்லதான் இருக்காங்க, முந்திரிக்கொட்டை பொறுக்கற சமயம், வேலை முடிஞ்சு வருவாங்க" என்பேன். முகம் தெளிந்துவிடும். உங்கம்மா என்ன குழம்பு வைப்பாங்க என்று கேட்டால் பேச்சு எங்கேயோ போய்விடும்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல்தான் சிரமம். வீட்டுக்குப் போகணும் என்று பையில் துணியை எடுத்து வைப்பாள். இது அவளுக்கு மட்டும் வருவதில்லை, மறதி நோயாளிகள் பலருக்கும் பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு கூடும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். இருட்டுவதற்கு முன்பே எல்லா லைட்டையும் போட்டுவிடுவேன். ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்து யாரோ எட்டிப்பார்க்கிறார்கள் என்று பயந்ததால் திரை போட்டாயிற்று. பீரோ கண்ணாடியையும் மூடியாயிற்று. டி.வி.யில் சீரியல் கிடையாது, அதில் சண்டை போடுகிறவர்கள் கூடத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறாள். "போலாம், ஆனா பண்ருட்டி பஸ் அஞ்சே முக்காலுக்குத்தான், அதுக்குள்ள இந்தக் கீரைய ஆஞ்சு குடுத்துடு" என்று ஒரு கட்டு முருங்கைக்கீரையை முன்னால் வைத்தால் கை வேலையில் இறங்கிவிடும். தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பாதிக் கீரை பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகிறது.

குளிப்பாட்டுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். என்னை யாரென்று தெரியாத நேரத்தில் நான் புடவையில் கைவைத்தால் அவள் கத்தாமல் என்ன செய்வாள்? அதனால் குளியல் காலையில் இல்லை, வெயில் ஏறி, சாப்பிடுவதற்கு முன்னால், அவள் மனசு தெளிவாக இருக்கும் நேரத்தில். எடுத்தவுடன் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, காலில் ஆரம்பித்து மேலே வர வேண்டும். தோளில் ஒரு பெரிய துண்டைப் போர்த்தி, அதற்கு உள்ளேயே துடைத்துவிட வேண்டும், உடம்பு முழுக்கத் திறந்து நிற்கிற உணர்வே வரக் கூடாது. வரமாட்டேன் என்ற நாளில் ஈரத்துண்டால் துடைத்துவிட்டாலே போதும், தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று நோய் சொல்லவில்லை, நாம்தான் சொல்கிறோம். வீட்டில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி. வெளியே கிளம்ப வேண்டும் என்றால் புடவைதான் கேட்பாள், டீச்சர் நைட்டியோடு வாசலுக்கு வரமாட்டாள். கொசுவம் வைக்க நான் என் தம்பி மனைவியிடம் கற்றுக்கொண்டேன். பருத்திப் புடவையில்தான் கொசுவம் நிற்கும், சிந்தெடிக் வழுக்கும் என்பதெல்லாம் ஒரு லைன் இன்ஸ்பெக்டருக்கு எழுபது வயசில் தெரியவந்த விஷயம். ஊக்கு கூடாது, வாயில் போட்டுவிடுவாள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி வைக்க வேண்டும். வாசல் கதவின் தாழ்ப்பாள் தலைக்கு மேலே இருக்க வேண்டும், கண்மட்டத்துக்கு மேலே அவள் தேடுவதில்லை. கேட்டில் ஒரு மணி. ரவிக்கையின் உள்மடிப்பில் என் செல் நம்பரைத் துணியில் எழுதித் தைத்திருக்கிறேன். ஒரு தடவை பையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி கெடிலம் பாலம் வரை போய்விட்டாள். அவளிடம் படித்த ஒரு பையன், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், "டீச்சர், ஸ்கூலு லீவு" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வந்து விட்டான். நீங்களும் உங்கள் ஏரியா ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் சொல்லி வையுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

மாத்திரைகளைப் பற்றி ஆசையோடு நிறையப் பேர் கேட்கிறார்கள். டோனபெசில், மெமன்டின் இரண்டும் நோயை நிறுத்தாது. கொஞ்ச காலம் கொஞ்சம் தெளிவாக வைத்திருக்கலாம், அதுவும் எல்லாருக்கும் இல்லை. டோனபெசில் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும், அதனால் இ.சி.ஜி. பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். ராத்திரி போட்டபோது கெட்ட கனவு வந்து அலறினாள், டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றினோம். அடிப்பது, தூங்காதது இவற்றுக்குக் கொடுக்கிற க்வெட்டியாபின் மாதிரி மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களுக்குப் பக்கவாதம், மரணம் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்று தெரிந்த விஷயம். குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு மட்டும் என்று டாக்டரே சொன்னார். ஆள் தொல்லை பண்ணாமல் கிடக்கட்டும் என்பதற்காக நாமாக ஒரு மாத்திரையைக் கூட்டிப் போடுவது கூடாது.

அதைவிட முக்கியம் இது. நேற்றுவரை நடந்தவர் ஒரே நாளில் எழ மாட்டேன் என்கிறார், புதிதாக என்னென்னவோ உருவம் தெரிகிறது, பகலெல்லாம் மயங்கிக் கிடக்கிறார் என்றால் அதை நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் அப்படி ஒரே நாளில் பாயாது. இவளுக்கு அப்படி ஆனபோது சிறுநீரில் கிருமித் தொற்று. காய்ச்சல்கூட இல்லை. ஒரு யூரின் டெஸ்ட், ஆன்டிபயாடிக், கொஞ்ச நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாள். மலச்சிக்கல், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, புது மாத்திரை, இவையும் இப்படிச் செய்யும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அது முடிந்தது என்று மூச்சுவிடுவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. நாங்கள் இருப்பது ஆல்பேட்டைப் பக்கம். தண்ணீர் ஏறுகிறது என்று விடியற்காலையில் கிளம்பி என் தம்பி வீட்டுக்குப் போனோம். புது வீடு, புதுச் சுவர், கக்கூஸ் எந்தப் பக்கம் என்று தெரியாது, கரண்ட் வேறு இல்லை. தம்பி மகனை அடித்தாள், யாரோ தன்னைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ராத்திரி முழுக்க அழுதாள். நான் எடுத்துப்போனவற்றில் உதவியது அவளுடைய தலையணையும் பழைய போர்வையும்தான், அந்த வாசனையில்தான் கொஞ்சம் அடங்கினாள். கடலூரில் இருக்கிறவர்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் மாத்திரை அட்டைகள், டயப்பர், டாக்டர் சீட்டு, டார்ச், அதோடு அவர்களுக்குப் பழகிய ஒரு துணி, இவ்வளவும் புரட்டாசியிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மகன் ஓசூரில், மகள் குவைத்தில். வீடியோ காலில் பேசும்போது அம்மா பத்து நிமிஷம் அருமையாகப் பேசுவாள். "சாப்டியா கண்ணு, உடம்ப பாத்துக்க", எல்லாம் சரியாக வரும். ஜிப்மரில் சிரித்த அதே சிரிப்புதான். போனை வைத்ததும் "யாரு அந்தப் பொண்ணு" என்பாள். அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீங்கதான் ரொம்ப அலட்டிக்கிறீங்க என்று மகள் சொன்னபோது நான் ஒன்றும் வாதாடவில்லை. அடுத்த லீவுக்கு வந்தபோது, நீ அம்மா கூட ஒரு ராத்திரி இரு என்று அந்த அறையை அவளிடம் விட்டுவிட்டு நான் மாடியில் தூங்கினேன். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் மாசா மாசம் பகல்நேர ஆளுக்கு அவள்தான் பணம் அனுப்புகிறாள்.

எனக்கு வேண்டியது என்ன என்ற விஷயத்துக்கு இப்போது வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு தங்கை இவளுக்கு பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு தடவை மிஷினை எடுத்துக்கொண்டே, "சார் உங்களுக்கும் பாத்துடறேனே" என்றாள். மேலே நூற்றெழுபதைத் தாண்டி இருந்தது. "டீச்சருக்கு நல்லாருக்கு சார், உங்களுக்குத்தான் நல்லால்ல. நீங்க எப்ப தூங்கறீங்க?" என்றாள். வருகிறவர்கள் எல்லாரும் டீச்சர் எப்படி இருக்காங்க என்றுதான் கேட்பார்கள், நியாயம்தான், அவள்தான் நோயாளி. நீங்க எப்ப தூங்கறீங்க என்று முதலில் கேட்டது அந்தப் பெண். நான் யோசித்துப் பார்த்தேன், பதில் இல்லை.

ராத்திரி எழுந்து எழுந்து கேட்ட கேள்வியையே கேட்கும்போது கோபம் வரும். பார்த்துக்கொள்கிற எல்லாருக்கும் வரும், வரவில்லை என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். அன்பு குறைந்துபோய் அந்தக் கோபம் வருவதில்லை, தூக்கம் குறைந்துதான் வருகிறது. அதனால் பொறுமையாக இருங்க சார் என்ற புத்திமதி எனக்குப் பயன்படாது, மதியம் இரண்டு மணி நேரம் யாராவது அவளோடு உட்கார்ந்தால் அன்று ராத்திரிக்கான பொறுமை தானாக வந்துவிடும். தாங்க முடியாத ஒரு ராத்திரியில் 14416க்கு, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, போன் பண்ணினேன். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு என்று 14567 இருக்கிறது. பேசினால் பாரம் குறையும், ஆனால் ஆள் வந்து உட்கார்வதற்கு அது ஈடாகாது.

ஆகவே கேட்க ஆரம்பித்தேன். பாராட்டுகிறவர்களிடமே கேட்டேன். "ரொம்ப சந்தோஷம் சார், செவ்வாய்க்கிழமை மூணுலருந்து அஞ்சு நீங்க வந்து உக்கார முடியுமா?" சிலர் அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சிலர் வந்தார்கள். அவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சரம்மா வாரம் ஒரு தடவை பழைய நோட்டுகளும் சிவப்புப் பேனாவும் கொண்டுவருவார், இரண்டு பேரும் உட்கார்ந்து திருத்துவார்கள். எல்லாக் கணக்குக்கும் டிக் விழும், கீழே குட் என்று எழுதுவாள், அந்தக் கையெழுத்து மட்டும் இன்னும் அச்சு மாதிரி வருகிறது. இட்லி மாவு அம்மாவிடமும் பேசினேன். அவர் வந்து இவளைக் குளிப்பாட்டிவிடுவார், பெண் என்பதால் இவளும் சத்தம் போடாமல் போவாள். அந்த நேரம் நான் அவர் வீட்டில் அவர் கணவரோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவேன், திருப்பிப் படுக்கவைப்பேன். இன்னொரு நாள் அவர் நிம்மதியாக மஞ்சக்குப்பம் வரை போய் பேங்க் வேலை முடித்து வருவதற்கும் நான்தான் இருப்பேன். காசு கிடையாது, நேரத்துக்கு நேரம். முதல் தடவை போய்விட்டு வந்து அந்த அம்மா சொன்னது, "அண்ணே, நான் தனியா பஸ்ஸுல போயி எத்தனை நாளாச்சு." இந்த நோயைச் சமாளிப்பது பற்றி எனக்குத் தெரிந்ததில் உருப்படியானது இந்த ஏற்பாடுதான்.

2023ல் வெளியான ஓர் ஆய்வின் கணிப்புப்படி இந்தியாவில் அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அப்படியென்றால் இனிமேல் நிறைய வீடுகளில் பார்த்துக்கொள்ளப் போவது கணவன்மார்கள். ரசம் வைக்கவும் கொசுவம் மடிக்கவும் தலை பின்னவும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள் என்று என் வயசு நண்பர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காகித வேலையையும் ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். அவள் பென்ஷன் கணக்கில் என் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றியது அவள் கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தபோதே நடந்ததால் பிழைத்தோம். வருஷாந்திர உயிர்வாழ் சான்றுக்கு இப்போது தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்துப் பதிந்துவிடுகிறார், கட்டணம் 70 ரூபாய். பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் மனநிலை தெளிவு இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 201ஆவது பிரிவு சொல்கிறது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள 2024ல் ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் பாதுகாவலராக உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. உயில், நாமினி, கூட்டுக் கணக்கு மூன்றையும், நோய் தெரிந்த முதல் வருஷத்திலேயே, தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் சான்றோடு செய்துவிடுவது நல்லது.

எனக்கு வலது கண்ணில் புரை. ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது, இப்போது மாத்திரை அட்டையில் பெயர் படிக்க முடியவில்லை என்றானதால் தவளக்குப்பம் அரவிந்தில் தேதி வாங்கிவிட்டேன். ஆபரேஷன் சின்னதுதான், ஆனால் அதற்கப்புறம் குனிந்து வெயிட் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அதாவது அவளைத் தூக்கவோ குளிப்பாட்டவோ முடியாது. அதனால் பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். எந்த மாத்திரை எப்போது, தோசையைப் பிய்த்து ஒவ்வொரு துண்டாகக் கொடுக்க வேண்டும், ரசத்தைச் சாதத்தோடு குழையப் பிசைந்து கொடுக்க வேண்டும், அம்மாவைக் கேட்டால் ஊரில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும், காக்கிச் சட்டை எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் கிழமை போட்டு யார் எந்த நேரம் என்றும் எழுதியிருக்கிறேன். தம்பி மனைவி, டீச்சரம்மா, மாவு அரைக்கிற அம்மா, பகல்நேர ஆள் என்று எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. வியாழக்கிழமை ராத்திரிக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை, லீவு கேட்டிருக்கிறேன் என்று மகன் சொல்லியிருக்கிறான், இன்று சாயங்காலம் மறுபடி போன் பண்ண வேண்டும்.